இருபத்தேழு மணி நேர நாள்

வஜ்ரமுகி பிரேக்ஸ் கம்பெனிக்குத் தொழிலாளியின் தூக்கத்தின் மேல் பாசம் பிறந்தது, அதன் நிர்வாக இயக்குநர் சிங்கப்பூரில் ஒரு மாநாட்டுக்குப் போய்வந்த பிறகுதான். அங்கே ஒரு டாக்டர் திரையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். வருஷக்கணக்கில் தூக்கம் கெட்டால் ரத்த அழுத்தம் ஏறும், சர்க்கரை வரும், இதயம் களைத்துப்போகும், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் ஒருநாள் அடைத்துக்கொள்ளும், ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். இயக்குநர் ஆடிப்போனார். விமானத்தில் கால் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டே ஒரகடம் வந்து சேர்ந்தவர், முதல் வேலையாக உத்தரவு போட்டார். நம் ஆட்கள் நன்றாகத் தூங்க வேண்டும்.

ஷிஃப்ட் முறையில் யாரும் கை வைக்கவில்லை. அது உற்பத்தி சம்பந்தப்பட்ட விஷயம். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் பிற்பகல், ஒரு வாரம் இரவு என்று ஆயிரத்து நூறு பேரையும் தோசை மாதிரித் திருப்பிப் போடுவது அப்படியே நடந்தது. ஓ.டி.யும் அப்படியே இருந்தது. புதிதாக வந்தது ஒரு பிரிவு. அதன் பெயர் உறக்க மேன்மைப் பிரிவு. அதற்குத் தலைமை உறக்க அதிகாரியாக ரகுபதி என்பவரை நியமித்தார்கள். அதுவரை கேன்டீனைப் பார்த்துக்கொண்டிருந்தவர். சாம்பாரில் பருப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைத்ததில் அவருடைய திறமை மேலிடத்துக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு வீடு அண்ணா நகரில். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் கம்பெனி காரில் பின்சீட்டில் தூங்கிக்கொண்டே வந்துபோவார். அந்த அனுபவமும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டதாகப் பேச்சு.

ஆளுக்கொரு கைப்பட்டை கொடுத்தார்கள். கடிகாரம் மாதிரி இருக்கும், மணி காட்டாது. கட்டிக்கொண்டு தூங்கினால் எவ்வளவு நேரம் தூங்கினோம், எப்படித் தூங்கினோம், நெஞ்சு எப்படி அடித்தது என்று எல்லாவற்றையும் கம்பெனிக்குச் சொல்லிவிடும். இருபத்துநாலு மணி நேரமும் கழற்றக் கூடாது என்று உறக்கப் பிரிவு சுற்றறிக்கை விட்டது. மெஷின் ஓடுகிற இடத்தில் கையில் மோதிரம், கடிகாரம், பட்டை, கயிறு எதுவும் இருக்கக் கூடாது என்று பாதுகாப்புப் பிரிவின் போர்டு பத்து வருஷமாகத் தொங்குகிறது. இரண்டுக்கும் ஒரே மேலாளர்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். தொழிலாளிகள் பட்டையை ரூமிலேயே கழற்றி வைத்துவிட்டு வேலைக்கு வந்தார்கள்.

வாரத்துக்கு நாற்பத்தொன்பது மணி நேரத் தூக்கம் காட்டாதவர்களுக்கு உறக்கத் திருத்த வகுப்பு. இரவு ஷிஃப்ட் முடிந்து ஆறரைக்கு வெளியே வருகிறவர்களைப் பிடித்து ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை ஏ.சி. ஹாலில் உட்கார வைத்து, தூக்கம் ஏன் முக்கியம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நாற்காலிகளுக்கு முதுகு கிடையாது. வகுப்பில் கண் அசந்தால் ஐந்து மதிப்பெண் குறையும். மதிப்பெண் குறைந்தால் மறுநாளும் வகுப்பு.

கொம்பையா அந்த வகுப்புக்கு ஒன்பது தடவை போனார்.

அவருக்கு நாற்பத்து மூன்று வயது. சங்கரன்கோவில் பக்கத்து ஆள். பதினாலு வருஷமாக பிரேக் டிரம் கடைகிற லைனில் இருக்கிறார். பெண்டாட்டி பேச்சியும் மகளும் ஊரில். அவர் மட்டும் கம்பெனிக்குப் பக்கத்தில் வடக்குப்பட்டில் ஒரு ரூமில், இசக்கிபாண்டி, சக்திகுமார் என்ற இரண்டு ஊர்க்காரப் பையன்களோடு. மூன்று பேரும் வேறு வேறு கம்பெனி. ரூமில் கட்டில் ஒன்று. தரையில் ஒருவன் படுத்தால் கதவு திறக்காது. அதனால் மூவரும் தங்களுக்குள் பேசி, ஒரே ஷிஃப்ட் ஒருபோதும் வராதபடி சூப்பர்வைசர்களிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டிருந்தார்கள். இரவு ஷிஃப்ட்காரனுக்குக் காலைக் கட்டில். காலை ஷிஃப்ட்காரனுக்குப் பிற்பகல் கட்டில். பிற்பகல் ஷிஃப்ட்காரனுக்கு ராத்திரிக் கட்டில். அந்தக் கட்டில் போன தீபாவளிக்கு மூவரும் ஊருக்குப் போன நாலு நாளைத் தவிர மற்ற நாளெல்லாம் சூடாகவே இருந்தது.

முதல் வகுப்பில் ரகுபதி பேசியது கொம்பையாவுக்கு மனப்பாடம்.

“நண்பர்களே, கம்பெனி உங்களிடம் கேட்பது எட்டு மணி நேரம். மீதிப் பதினாறு மணி நேரத்தை உங்களுக்கே இலவசமாக விட்டுக்கொடுத்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? போன் பார்க்கிறீர்கள். என்னைப் பாருங்கள். இந்தப் பொறுப்புக்கு வந்த பிறகு ஒருநாள்கூட என் தூக்கம் கெட்டதில்லை. சந்தேகமிருந்தால் என் டிரைவரைக் கேளுங்கள். அவர் காலை நாலு மணிக்கே எழுந்து என்னை அழைத்துவர வந்துவிடுகிறார்.”

யாரும் கேட்கவில்லை. டிரைவர் வெளியே ஸ்டீயரிங்கில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

கொம்பையாவுக்குப் போன வருஷத்திலிருந்தே பின்மண்டை வலி. படி ஏறினால் மூச்சு வாங்கியது. அதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சி போன் செய்து, “இந்தாங்க, ஒங்க மவ பேசணுமாம்” என்று கொடுத்தாள். “அப்பா” என்றது குரல். கொம்பையாவுக்குப் பெற்ற மகளின் பெயர் வரவில்லை. முகம் தெரிகிறது, பத்தாவது படிக்கிறாள் என்று தெரிகிறது, பெயர் மட்டும் நாக்குக்கு வரமாட்டேன் என்கிறது. வந்ததெல்லாம் டிரம்மின் பார்ட் நம்பர். “எம்மா... நல்லா படிக்கியாம்மா” என்று சமாளித்து வைத்துவிட்டு, போனில் இருந்த ரேஷன் கார்டு படத்தைத் தேடிப் பெரிதாக்கிப் பார்த்தார். வேல்விழி. அன்றைக்கு அவருக்குக் காலைக் கட்டில். ஆறு மணி நேரம் கிடைத்தும் தூங்கவில்லை.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். டாக்டர் ஷாலின் சின்ன வயசுக்காரர். அழுத்தம் பார்த்தவர், இன்னொரு கையிலும் பார்த்தார்.

“நைட் ஷிஃப்ட் எத்தனை வருஷமா?”

“பதினாலு வருஷம் மேடம். வாரம் ஒண்ணா மாறும்.”

“ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் தூங்குறீங்க?”

“கட்டிலு காலியா இருக்கதப் பொறுத்து மேடம்.”

டாக்டர் பேனாவை வைத்தார். “தூங்குறப்போ பி.பி. கொஞ்சம் எறங்கணும். அதுதான் ரத்தக் குழாய்க்கு ஓய்வு. உங்களுக்கு அது எறங்கவே இல்ல போல. வருஷக்கணக்கா இப்டி ஓடுனா இதயமோ மூளையோ ஒருநாள் காட்டிக் குடுக்கும். மறதி ஏற்கெனவே வந்துடுச்சுன்றீங்க. மாத்திரை நான் குடுப்பேன். தூக்கத்த நான் குடுக்க முடியாது, உங்க கம்பெனிதான் குடுக்கணும்.” இரவுப் பணி கூடாது, ஒரே நேரத்தில் தினமும் தூங்க வேண்டும், பொது ஷிஃப்ட் தரவும் என்று கடிதம் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்.

அந்தக் கடிதம் இப்போது கொம்பையாவின் உயிர். ஆனால் அதைக் கம்பெனியில் கொடுப்பதற்குள் வேறொன்று நடந்துவிட்டது.

பத்தாவது வகுப்புக்குக் கூப்பிட்டு மெசேஜ் வந்த அன்று, இசக்கிபாண்டி ஆணியில் தொங்கிய பட்டையைப் பார்த்தான்.

“அண்ணாச்சி, இத ஏன் ஆணியில போட்டுருக்கிய? ஆணி தூங்காதுல்லா.”

“கம்பெனிக்குள்ள கட்டக் கூடாதுலே. வந்து கட்டிக்கிடுவேன்.”

“இங்க தாங்க. நான் எப்படியும் தூங்கத்தான் போறேன். உங்களுக்கு ரெண்டு மணி நேரம் ஏறுச்சுன்னா அந்த எழவு வகுப்பு இல்லல்லா.”

கொம்பையா பட்டையை ஆணியிலிருந்து எடுத்து, “ரெண்டு மணி நேரந்தாம்லே” என்று கொடுத்தார்.

இசக்கிபாண்டி பாசக்காரன். முழுத் தூக்கத்தையும் அண்ணாச்சிக்கே எழுதிவைத்தான். விஷயம் கேள்விப்பட்ட சக்திகுமார், தான் மட்டும் சும்மா இருந்தால் நன்றாக இருக்காது என்று தன் தூக்கத்தையும் கொடுத்தான். பட்டை கட்டிலைவிட்டு இறங்கவே இல்லை. யார் படுக்கிறானோ அவன் கையில் ஏறிக்கொண்டது. பத்தே நாளில் கம்பெனியின் பெரிய திரையில் முதல் பெயராக கொம்பையா வந்தார். நாளொன்றுக்கு உறக்கம்: பத்தொன்பது மணி நேரம்.

இது எப்படி என்று உறக்க மேன்மைப் பிரிவில் ஒருவரும் கேட்கவில்லை. மோசமான எண்ணாக இருந்திருந்தால் கேட்டிருப்பார்கள்.

கொம்பையா கடிதத்தைக் கொடுத்ததும் மருத்துவக் குழு கூடியது. தலைவர் ரகுபதி. உறுப்பினர்கள் உற்பத்தி மேலாளரும், மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மட்டும் வருகிற கம்பெனி டாக்டரும். கம்பெனி முதலுதவி அறையின் நர்ஸ் அற்புதமேரி பி.பி. பதிவேட்டோடு ஓரமாக நின்றாள். பிள்ளைப்பாக்கத்துக்காரி. பதவி மரியாதைக்காகக் குரலைத் தாழ்த்தும் பழக்கம் இல்லாதவள்.

“நூத்தியெண்பதுக்கு நூத்திப்பத்து சார்,” என்றாள். “மூணு வாட்டி பாத்தேன்.”

ரகுபதி கணினியைத் திருப்பிக் காட்டினார். “சிஸ்டர், இங்கே பாருங்கள். நெஞ்சுத் துடிப்பு ஐம்பத்தெட்டு. ஆழ்ந்த உறக்கம், அருமை. இவருடைய இதயத்தின் வயது இருபத்தாறு என்று போட்டிருக்கிறது.”

இருபத்தாறு இசக்கிபாண்டியின் வயது. கொம்பையா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். திறந்தால் பட்டையை இன்னொருவனுக்குக் கொடுத்த குற்றம். அதற்கு டிஸ்மிஸ் என்று சுற்றறிக்கையின் ஏழாவது வரி.

“சார், தலை வலிக்கி. மக பேரு மறந்துபோச்சு.”

“அதுதான் அறிகுறி,” என்றார் கம்பெனி டாக்டர், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. “அதிகமாகத் தூங்கினாலும் மந்தம் வரும்.”

உற்பத்தி மேலாளர் முன்னால் சாய்ந்தார். “நான் ஒன்று வெளிப்படையாகச் சொல்கிறேன். இரவு ஷிஃப்ட்டால் உடம்பு கெடுகிறது என்று உங்களுக்கு ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால், நாளைக்கு ஆயிரத்து நூறு பேருக்கும் உடம்பு இருப்பது தெரிந்துவிடும். அதற்கு நம்மிடம் வசதி கிடையாது.”

தீர்ப்பு அன்றே வந்தது. கொம்பையாவின் உறக்கம் மிகை. அதைக் குறைப்பதற்கான சிகிச்சையாக அடுத்த மூன்று மாதம் தொடர்ந்து இரவு ஷிஃப்ட். பட்டையோடு முரண்படுகிற காரணத்தால் அற்புதமேரியின் பி.பி. கருவியைப் பழுதுபார்க்க எடுத்துக்கொண்டுபோனார்கள். அவள் சாதிமல்லிச் சரத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, “மெஷினு நல்லாத்தான் கீது. பழுது வேற எடத்துல,” என்று அவர்கள் காதில் விழும்படியே சொன்னாள்.

அடுத்த மாதம் விழா. தொழில் முனைவோர் சங்கம் ஒன்று, தொழிலாளியை உறங்கவைக்கும் நிறுவனம் என்று வஜ்ரமுகிக்கு ஒரு கேடயம் கொடுத்தது. விண்ணப்பத்தில் உச்சபட்ச உறக்கம் என்ற கட்டத்தில் பத்தொன்பது என்று எழுதியிருந்த ஒரே கம்பெனி இதுதான். கொம்பையாவுக்கு நித்திரைச் செம்மல் என்று பட்டம். காலை பத்தரைக்கு விழா என்பதால், இரவு ஷிஃப்ட் முடித்தவரை வீட்டுக்கு அனுப்பாமல் மேடைக்குப் பின்னால் நாலு மணி நேரம் நிற்கவைத்திருந்தார்கள். சால்வை போட்ட பிறகு ஒருவர் மைக்கை நீட்டி, “உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன?” என்று கேட்டார்.

“கட்டிலு,” என்றார் கொம்பையா.

கூட்டம் கைதட்டியது. ரகுபதி அதை எளிமை என்று விளக்கினார்.

இப்படியே போயிருந்தால் அவர் செம்மலாகவே செத்திருப்பார். ஆனால் டைம் ஆபீஸில் தசரதன் என்று ஒருவர் இருந்தார், ஒரகடத்துக்காரர். வருகைப் பதிவைப் பார்ப்பது அவர் வேலை. கம்பெனி முழுவதிலும் கூட்டல் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்று நினைக்க வேண்டியிருக்கிறது. டீக்கடையில் கொம்பையாவைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாண்ணே, உனுக்கு மட்டும் சூரியன் லேட்டா எறங்குதா? பத்தொம்போது ஹவர் தூங்கிகீற. எட்டு ஹவர் வேல செஞ்சிகீற. இருவத்தியேழு ஆவுது. மூணு ஹவர எங்கேந்து கொண்டாந்த? எனுக்கும் ரெண்டு குடேன், வூட்ல சம்சாரத்தாண்ட பேசவே டைம் இல்ல.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கெடுதல் நினைக்கவில்லை. ஆனால் இதையே ஆபீஸிலும் சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டார். இரண்டே நாளில் கொம்பையாவுக்கு மெமோ வந்தது. நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் வேலை நேரத்திலேயே உறங்கிய குற்றத்துக்காக விசாரணை, காலை ஏழு மணிக்கு, ஏ.சி. ஹாலில்.

அன்று ராத்திரியெல்லாம் டிரம் கடைந்துவிட்டு வந்த கொம்பையாவுக்கு இடது பக்கத் தலை விண்விண் என்று தெறித்தது. பேச்சி காலையில் போனில், “உண்மையச் சொல்லிட்டு வந்துருங்க. வேலை போனா போவுது, நீங்க இருந்தாப் போதும் எங்களுக்கு,” என்று சொல்லியிருந்தாள். சொல்லிவிடுவது என்றுதான் அவரும் வந்தார். முதுகில்லாத நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே ரகுபதி, உற்பத்தி மேலாளர், மெமோ எழுதிய பர்சனல் அதிகாரி. சாட்சியாக அற்புதமேரி.

“சார், நான் தூங்கல. என் பட்டையக் கட்டிக்கிட்டு எங்க ரூம்ல பயலுவ தூங்குனானுவ. நான் பதினாலு வருஷமா...”

“நிறுத்துங்கள்,” என்றார் ரகுபதி. “அதைச் சொல்லாதீர்கள். சொன்னால் கேடயத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இயக்குநர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் வரவேற்பறையில் இருக்கிறது.”

“அப்போ வேலை நேரத்துல தூங்குனேன்னு எழுதிக்கிடுங்க.”

“அதெப்படி? எங்கள் கண்காணிப்பு மோசம் என்று ஆகிவிடுமே,” என்றார் உற்பத்தி மேலாளர்.

மூன்று பேரும் ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்து வந்தவர்கள். அதனால் மூளை தெளிவாக வேலை செய்தது. ஒரு தாளைத் தயாராக டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். பர்சனல் அதிகாரி வாசித்தார். “நான் என் அறையில் பத்தொன்பது மணி நேரம் உறங்கியதும் உண்மை. எட்டு மணி நேரம் பணிபுரிந்ததும் உண்மை. என்னுடைய நாளுக்கு இருபத்தேழு மணி நேரம் என்பதை இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன். இதற்கு நிர்வாகம் எவ்விதத்திலும் பொறுப்பல்ல. எனக்குப் போதுமான ஓய்வு கிடைப்பதால் பொது ஷிஃப்ட் கோர மாட்டேன்.”

“கையெழுத்துப் போட்டால் விசாரணை முடிந்தது,” என்றார் ரகுபதி பரிவாக. “நாங்கள் உங்களுக்குச் சலுகைதான் காட்டுகிறோம். மற்ற எல்லோருக்கும் இருபத்துநாலுதான்.”

பேனாவை நீட்டினார். கொம்பையா வாங்கினார். வாங்கியதாக நினைத்தார். பேனா தரையில் விழுந்து உருண்டது. குனிந்து எடுக்கப் பார்த்தார், வலது கை மடியிலேயே கிடந்தது, வேறு யாருடையதோ மாதிரி. ஏதோ சொன்னார். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. வாயின் ஒரு மூலை கீழே இறங்கியது.

“பாருங்கள், விசாரணையிலேயே தூங்குகிறார்,” என்றார் பர்சனல் அதிகாரி, எழுதிக்கொண்டே.

அற்புதமேரி ஓடிவந்து முன்னால் மண்டியிட்டாள். “அண்ணே, என்னப் பாரு. சிரி. ரெண்டு கையும் தூக்கு.” இடது கை எழும்பியது. வலது கை எழும்பவில்லை. அவள் திரும்பினாள். “இது தூக்கம் இல்ல. மூளைக்கு ரத்தம் போவல. ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. வண்டியக் கூப்புடுங்க.”

ஆம்புலன்ஸ் கேட்டுக்கு உள்ளேயேதான் நின்றது. புறப்பட வெளியேறும் அனுமதிச் சீட்டு வேண்டும். விசாரணைக்கு நடுவே வெளியேறுகிறவருக்குச் சீட்டுத் தருகிற அதிகாரம் விசாரணைத் தலைவருக்கு மட்டுமே. ரகுபதி சீட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தார், ஆனால் திறக்கவில்லை.

“சிஸ்டர், உடனே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். இவர் இதில் ஒரு கையெழுத்துப் போட்டுவிடட்டும். அப்புறம் இது பணியால் வந்த நோய், அது இது என்று பேச்சு வரக் கூடாது.”

“கை வரலன்னு சொல்றேன்ல.”

“வராவிட்டால் என்ன,” என்றார் பர்சனல் அதிகாரி. இருபது வருஷ அனுபவம் அவர் குரலில் தெரிந்தது. “பெருவிரல் ரேகை போதும். சட்டப்படி ஆண்களுக்கு இடது கைதான். இடது கைதான் நன்றாக இருக்கிறதே.”

மை டப்பா வந்தது. ஒருவர் தாளைப் பிடித்துக்கொண்டார், ஒருவர் டப்பாவை. ரகுபதி கொம்பையாவின் இடது கையைத் தன் கைக்குள் எடுத்தார், ஆறுதல் சொல்ல வந்தவர் மாதிரி.

கொம்பையாவால் பேச முடியவில்லை. ஆனால் எல்லாம் கேட்டது. அவர் பெருவிரலை உள்ளே மடக்கி அதன்மேல் நான்கு விரல்களையும் மூடிக்கொண்டார்.

ரகுபதி சுண்டுவிரலைப் பிரித்தார். அடுத்ததைப் பிரித்தார். மூன்றாவதற்கு வருவதற்குள் சுண்டுவிரல் திரும்பப் போய் மூடிக்கொண்டது. பதினாலு வருஷம் இரும்பு தூக்கிய கை. மேலாளரும் வந்து பிடித்தார். பர்சனல் அதிகாரி டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு வந்து மணிக்கட்டை அழுத்தினார். படித்த மூன்று பேர் ஒரு கையோடு மல்லுக்கு நின்றார்கள்.

அற்புதமேரி ரகுபதி மேஜைமேல் வைத்துவிட்டு வந்த சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள். ஒரு தாளைக் கிழித்து, அதிகாரியின் கையெழுத்து என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டாள்.

“சிஸ்டர், உங்களுக்கு அதிகாரம் இல்லை,” என்றார் ரகுபதி, கையை விடாமல்.

“கைய எடு சார்,” என்றாள் அவள். “எடுக்கலன்னா உனுக்கும் சேத்து இன்னொரு சீட்டு கிழிக்க வேண்டியிருக்கும்.”

கதவுப் பக்கம் நின்ற செக்யூரிட்டிகள் இரண்டு பேர், இரவு ஷிஃப்ட் முடிந்தும் மாற்று ஆள் வராமல் நின்றவர்கள், யாரும் சொல்லாமலே ஸ்ட்ரெச்சரைத் தூக்கி வந்தார்கள். கொம்பையாவை அதில் கிடத்தியபோது மூடிய கை அவர் நெஞ்சின் மேல் இருந்தது. ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. ரகுபதி தாளைத் தூக்கிக்கொண்டு, மை டப்பாவோடு, ஆம்புலன்ஸ் கதவு வரைக்கும் கூடவே நடந்து வந்தார். விரல்கள் எப்போதாவது ஒருமுறை தளர்ந்துதானே ஆக வேண்டும் என்று அவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அவை தளரவில்லை.